அந்த மூன்றாம் இலக்கத்தைத் தமிழில் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழின் நடுப்பக்கத்தில் ஆல்ப்ஸ் மலையில் ஸ்னோபோர்டு என்ற பனிச்சறுக்குப் பலகை ஓடும் இளையவர்களின் படங்களைப் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். படங்கள் அழகு. மூன்றாவது படத்தைப் பார்த்ததும் நான் இருக்கும் சுவிஸ் மலையூர் செர்மாட் என்று அடையாளம் கண்டுவிட்டேன், பின்னால் மாட்டர்ஹோர்ன் மலை நிற்கிறது. ஒரு பையன் இடுப்பளவு புதுப்பனியைக் கிழித்துக்கொண்டு இறங்குகிறான். அவனைச் சுற்றி எங்குமே பாதைக் கம்பம் இல்லை, பாதையின் எல்லையைக் காட்டும் கயிறு இல்லை, முன்னால் போனவரின் தடம்கூட இல்லை. அந்தப் படத்தைத்தான் எங்கள் பிள்ளைகள் தொலைபேசியில் ஒருவருக்கொருவர் அனுப்புவார்கள். அதன் கீழே நீங்கள் எழுதாமல் விட்ட சில வரிகளுக்காகத்தான், மலையில் பனி மொத்தமாகப் பெயர்ந்து விழும் பனிச்சரிவின் அபாயத்தைப் பற்றித்தான், இந்தக் கடிதம்.

நான் செர்மாட்டில் ஒரு பெரிய ஹோட்டலின் குசினியில் 23 வருடங்களாக வேலை செய்கிறேன். கோப்பை கழுவுவதில் தொடங்கி, இப்போது காலைச் சாப்பாட்டுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். ஊருக்குள் பெற்றோல் கார் வர முடியாது. விருந்தினர்கள் ரயிலில் வந்து இறங்க, ஹோட்டலின் மின்சார வண்டி போய் ஏற்றி வரும். எங்கள் குசினி கீழ்த்தளத்தில். நிலத்தோடு ஒட்டினாற்போல ஒரேயொரு சன்னல். அதன் வழியாக எனக்குத் தெரிந்ததெல்லாம் கால்கள்தான். காலுக்கொரு பலகை பூட்டி ஸ்கீ ஓடுகிறவர்களின் சப்பாத்து கட்டிப் பிளாஸ்டிக், கல்லில் அடித்தது மாதிரி டக் டக் என்று போகும். ஸ்னோபோர்டுக்காரரின் சப்பாத்து மென்மையானது, பனியில் சத்தமே வராது. சத்தமில்லாமல் ஒரு சோடிக் கால் போனால், பலகைக்காரர் ஒருவர் மேலே போகிறார் என்று எனக்குத் தெரியும். இந்த விளையாட்டைப் பற்றி என் அறிவு அநேக காலம் அவ்வளவில்தான் நின்றது.

அதற்குக் காரணம் இருக்கிறது. இது பணக்காரரின் விளையாட்டு என்றே எங்களில் பலர் நினைத்தோம். மலைக்கு மேலே ஏற்றிப் போகும் லிஃப்டுக்கு ஒரு நாள் சீட்டு மட்டும் 80 பிராங்கைத் தாண்டும். பலகை, சப்பாத்து, தலைக்கவசம், உடுப்பு எல்லாம் அதற்கு மேல். பிறகு 2016இல் பக்கத்துப் பள்ளத்தாக்கில் உள்ள சாஸ்-ஃபே என்ற பனிச்சறுக்கு ஊர் முழுப் பருவத்துக்குமான சீட்டை 222 பிராங்குக்கு அறிவித்தது. சுவிஸ் முழுக்க அதுதான் கதை. என் மூத்த மகன் தன் சம்பளத்தில் ஒன்றை வாங்கினான், பாவித்த பலகை ஒன்றும் எடுத்தான். அண்ணன் போன இடமெல்லாம் தங்கச்சியும் போனாள். இன்று அவளுக்கு 15 வயது, அவனை விட நன்றாக ஓடுகிறாள். பள்ளிக்கூடங்களும் பிள்ளைகளைக் குளிர்கால முகாமுக்குக் கூட்டிப் போகின்றன. அனுமதித் தாள் வரும், நாங்கள் கையெழுத்து வைப்போம். ஆக, இது யாரோ ஒருவரின் விளையாட்டாக இருந்த காலம் போய்விட்டது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மலைக்குப் போய்விட்டார்கள், பெற்றோர் இன்னும் கீழ்த்தளச் சன்னலுக்குள்தான் இருக்கிறோம்.

போன பெப்ரவரி விடுமுறையில் நடந்ததைச் சொல்கிறேன். இரவு முழுக்கப் பனி கொட்டியிருந்தது. காலையில் வானம் நீலமாகத் திறந்துவிட்டது. மகள் இரண்டு சிநேகிதிகளோடு போனாள். பின்னேரம் சிவந்த முகத்தோடு வீடு வந்து சாப்பிட்டுக்கொண்டே கதைத்தாள்.

"அப்பா, இண்டைக்குக் கயித்துக்கு அங்கால கொஞ்சத் தூரம் போனனாங்கள். அங்க ஒருத்தரும் ஓடேல்லை, அவ்வளவு வடிவு. ஒரு இடத்தில நிக்கேக்க பனி 'வும்' எண்டு சத்தம் போட்டுது. காலுக்குக் கீழ இறங்கின மாதிரி இருந்தது. மூண்டு பேரும் பயந்து போனம், பிறகு சிரிச்சிட்டு வந்திட்டம்."

நானும் சிரித்தேன், ஆசிரியர் அவர்களே. மனைவியும் சிரித்தாள். பனி சத்தம் போடும் என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டோம்.

அடுத்த நாள் காலை குசினியில் இதை ஒரு வேடிக்கைக் கதை போலச் சொன்னேன். என்னோடு வேலை செய்கிற பேஸ்ட்ரி சமையற்காரர் இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவர், அவருடைய தம்பி மலை மீட்புப் பணியில் இருக்கிறார். அவர் மா பிசைந்துகொண்டிருந்தார். நான் 'வும்' என்று சொன்னதும் கை நின்றுவிட்டது. எங்கே, எந்தப் பக்கச் சரிவு, மேலே எவ்வளவு செங்குத்து என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு மரப்பலகையை எடுத்து வைத்தார்.

பலகையில் முதலில் கொஞ்சம் மாவைத் தூவி உள்ளங்கையால் அழுத்தினார். அது பழைய பனி. அதன்மேல் மெல்லியதாகச் சீனியைப் பரப்பினார். குளிரான தெளிந்த இரவுகளில் பனியின் மேற்பரப்பிலும் உள்ளேயும் இப்படித்தான் ஒட்டாத பளிங்குகள் உண்டாகும், ஒன்றையொன்று பிடிக்காமல் சீனி மாதிரியே உதிரும் என்றார். அந்தச் சீனிக்கு மேலே மூன்று விரல் தடிப்புக்கு மாவைக் கொட்டி, மெதுவாகத் தட்டி இறுக்கினார். இது இரவு விழுந்த பனி, காற்று அழுத்தி ஒரே தகடாக்கிய பனி. மேலிருந்து பார்த்தால் வெள்ளை வெளேரென்று, மகள் சொன்ன அதே வடிவு. கீழே சீனி இருப்பது எவருடைய கண்ணுக்கும் தெரியாது.

பிறகு பலகையை ஒரு பக்கம் உயர்த்தினார். பத்துப் பாகை, இருபது, ஒன்றும் நடக்கவில்லை. முப்பதைத் தாண்டியதும் அப்படியே பிடித்துக்கொண்டு, "இப்போது விரலால் ஒரு தட்டுத் தட்டு" என்றார். தட்டினேன். நான் தட்டிய இடத்தில் மட்டும் அல்ல, பலகையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு விழுந்தது. அதற்குக் கீழே இருந்த மா முழுவதும் ஒரே துண்டாக வழுக்கி மேசையில் விழுந்தது. விரல் தடம் அந்தத் துண்டின் நடுவில் அப்படியே இருந்தது.

"உன் மகள் கேட்டது அந்தச் சீனி உடைந்த சத்தம்" என்றார். மேல் தகட்டின் பாரத்தோடு ஆளின் பாரமும் சேர, நலிந்த அடுக்கு உள்ளே நொறுங்கி இருக்கிறது. காற்று வெளியே தள்ளப்படுவதுதான் 'வும்'. அவர்கள் நின்ற இடம் தட்டையாக இருந்ததால் பனி வழுக்கவில்லை. அதே உடைவு உள்ளுக்குள் ஓடிப் பக்கத்தில் இருக்கும் செங்குத்துச் சரிவைத் தொட்டிருந்தால், கீழே நின்றவர்கள் மேலேதான் அது வந்திருக்கும். சரிவில் காலே வைக்காமல், கீழே நின்றபடியே அதை இழுத்து விழுத்த முடியும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

அன்றைக்கு முழுக்க என் கை நடுங்கியது. பாத்திரத்தைத் தூக்கும்போதெல்லாம் அந்த மாத்துண்டு வழுக்குவது கண்ணுக்குள் வந்தது.

வேலை முடிந்து போகும்போது ஊழியர் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் திரையைப் பார்த்தேன். அதில் வானிலை, திறந்திருக்கும் லிஃப்ட்டுகள், அவற்றோடு செம்மஞ்சள் நிறத்தில் 3 என்ற இலக்கம். பக்கத்தில் 'கணிசமான' என்று பொருள்படும் 'எர்ஹெப்லிஹ்' என்ற ஜெர்மன் சொல். இத்தனை குளிர்காலம் அந்தத் திரையைக் கடந்து போயிருக்கிறேன். ஐந்தில் மூன்று என்றால் நடுத்தரம், பரீட்சையில் பாதிக்குக் கொஞ்சம் மேல், பரவாயில்லை என்றுதான் என் மனம் எடுத்துக்கொண்டிருந்தது. தமிழ்ப் பெற்றோர் யாரிடமும் கேட்டுப் பாருங்கள், அப்படித்தான் சொல்வார்கள்.

அது பனிச்சரிவு அபாய அளவு. ஐரோப்பா முழுவதற்கும் 1993 முதல் ஒரே அளவுகோல், ஐந்து படிகள். சுவிஸில் டாவோஸ் நகரில் உள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிலையம் குளிர்காலத்தில் நாளுக்கு இரண்டு தரம், மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் இதை வெளியிடுகிறது. உயிரிழப்புகளில் ஏறத்தாழப் பாதி நடப்பது இந்த 3ஆம் படி நாட்களில்தான். 5 வந்தால் யாரும் போகமாட்டார்கள், வீதியும் ரயிலும் மூடப்படும். 2018 ஜனவரியில் செர்மாட் அப்படி அடைபட்டது, ஏறத்தாழ 13,000 பயணிகள் வெளியேற முடியாமல் இருந்தார்கள், நாங்கள் குசினியில் இருப்பைக் கணக்குப் பார்த்துச் சமைத்தோம். அன்றைக்கு எல்லோருக்கும் பயம் இருந்தது. 3 அன்று வானம் நீலம், பனி புதிது, பயம் இல்லை. இந்தக் கொடுமையை ஒரு இலக்கத்தால் மட்டும் சொல்ல முடியாது, மொழி வேண்டும். அந்த அறிக்கை ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஆங்கிலம் என நான்கு மொழிகளில் வருகிறது. பிள்ளைகளுக்கு இவற்றில் இரண்டு மூன்று தெரியும், ஆனால் பிள்ளையைக் காலையில் "போகலாம்", "போகவேண்டாம்" என்று சொல்கிறவர்கள் நாங்கள் அல்லவா?

2024 ஏப்ரல் 1, ஈஸ்டர் திங்கள். பிற்பகலில் எங்கள் தலைக்கு மேலே ஹெலிகாப்டர்கள் திரும்பத் திரும்பப் போயின. றிஃபெல்பேர்க் பகுதியில், பாதைக்கு வெளியே பனிச்சரிவு. மூன்று பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் 15 வயதுப் பையன். அன்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் இரவுச் சாப்பாட்டுக்கு மரக்கறி வெட்டினேன். பாவம் என்று மனம் நொந்தது உண்மை. ஆனால் அது எங்கள் வீட்டுக்கும் உரிய செய்தி என்று எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த பெப்ரவரியில் என் மகள் அந்தச் சத்தத்தைக் கேட்டாள்.

நன்றாக ஓடத் தெரிந்தால் ஆபத்து இல்லை என்று மகள் வாதாடினாள். அவளுக்கு எஸ்டெல் பாலேயைப் பற்றிச் சொன்னேன். எங்கள் இதே வாலிஸ் மாநிலத்துப் பெண், பாதையில்லா மலைகளில் ஸ்னோபோர்டு ஓடும் உலகச் சுற்றில் பட்டம் வென்றவர். 2016இல் மறுபடியும் பட்டத்தை வென்ற சில வாரங்களில், ஏப்ரல் மாதம் ஒர்சியேர் பக்கத்தில் பனிச்சரிவில் இறந்தார். வயது 21. பாதுகாப்புக் கருவிகள் அவரிடம் இருந்தன. மகள் கன நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் இனிப் போகக்கூடாதா?" என்று கேட்டாள்.

இந்த இடத்தில்தான் நான் பெற்றோருக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. நான் அவளை மறிக்கவில்லை. மறித்தால் எனக்குச் சொல்லாமல் போவாள், 'வும்' என்ற சத்தத்தையும் இனிச் சொல்லமாட்டாள். அவள் சாப்பாட்டு மேசையில் அதைச் சொன்னதால்தான் நான் இன்று இதை எழுதுகிறேன். மறிப்பதற்குப் பதிலாக, 49 வயதில் நானே சுன்னெக்காவில் தொடக்கக்காரர் பனித்திடலுக்குப் போனேன், பயிற்றுநர் ஒருவரோடு நான்கு நாள்.

அந்த நான்கு நாளில் என் பிள்ளைகளின் உலகம் எனக்குக் கொஞ்சம் விளங்கியது. இரண்டு காலும் ஒரே பலகையில் பூட்டப்பட்டிருக்கும், உடம்பு பக்கவாட்டில். இடதுகால் முன்னுக்கா வலதுகால் முன்னுக்கா என்பது ஆளைப் பொறுத்தது. பலகை தட்டையாக இருந்தால் விழுத்தும், எப்போதும் குதிக்கால் பக்க விளிம்பிலோ விரல் பக்க விளிம்பிலோ நிற்க வேண்டும். விளிம்பு மாறும் அந்த ஒரு கணத்தில் தவறினால் முன்னுக்கு விழுவோம், விழும்போது கை தானாக நீளும். அதனால்தான் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு மணிக்கட்டு அதிகம் முறிகிறது. மணிக்கட்டுக் காப்பு வாங்கிக் கொடுங்கள், அது தலைக்கவசம் அளவுக்கு முக்கியம். இன்னொன்று, குதிக்கால் பக்கம் திரும்பும்போது முதுகுப் பக்கம் முழுக்கக் கண்ணுக்கு மறைவு. சர்வதேச ஸ்கீ சம்மேளனத்தின் பத்து நடத்தை விதிகளும் பலகைக்காரருக்கும் பொருந்தும். அதில் ஆதாரமானது, முன்னால், அதாவது கீழே இருப்பவருக்கே பாதை உரிமை. மேலிருந்து வருகிறவர்தான் விலக வேண்டும். பிள்ளைகள் களைத்துப்போய்ப் பாதையின் நடுவில், மேட்டுக்குப் பின்னால் குந்துகிறார்கள். மேலே இருந்து வருகிறவருக்கு அது தெரியாது. கரையில்தான் இருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலை ஐந்து வளைவுகள் விழாமல் இறங்கினேன். மகள் கீழே நின்று கை தட்டினாள். அந்தச் சந்தோஷத்தை எழுதி முடிக்க முடியாது. 1965 கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்ற தகப்பன் தன் பெண் பிள்ளைகள் விளையாடுவதற்காக இரண்டு ஸ்கீக்களைச் சேர்த்துப் பூட்டிய பலகையிலிருந்துதான் இந்த விளையாட்டு வளர்ந்தது என்று பயிற்றுநர் சொன்னார். அதை என் மகளுக்கும் சொன்னேன்.

பிள்ளைகள் மத்தியில் உலாவும் மூன்று நம்பிக்கைகளையும் கேட்டு அறிந்தேன். முதலாவது, யாரோ ஓடிய தடம் இருந்தால் பயமில்லை என்பது. பத்துப் பேர் போன சரிவு பதினோராவது ஆளுக்கு உடைவதுண்டு. இரண்டாவது, பாதைக்குப் பக்கத்தில்தானே என்பது. மஞ்சளும் கறுப்புமான கயிற்றுக்கு இந்தப் பக்கம் வரைதான் பனிச்சரிவிலிருந்து காக்கப்பட்ட இடம். அந்தப் பக்கம் இரண்டு மீட்டர் போனாலும் அது மலை. மூன்றாவது, மஞ்சள் அடையாளமிட்ட வழிகளைப் பற்றிய குழப்பம். சுவிஸில் நீலம் இலகு, சிவப்பு நடுத்தரம், கறுப்புக் கடினம். மஞ்சள் வழி சமப்படுத்தப்படாதது, ஆனால் திறந்திருக்கும்போது பனிச்சரிவுக்கெதிராகப் பாதுகாக்கப்பட்டது. புதுப்பனியில் ஓட ஆசைப்படும் பிள்ளைக்கு மூடாத மஞ்சள் வழி இருக்கிறது, கயிற்றைத் தாண்ட வேண்டியதில்லை. இதை அறிந்த பிறகு என் மகளின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

புதைந்தவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள். அரை மணி கடந்தால் பாதிப்பேர்கூட இல்லை. ஹெலிகாப்டர் வந்து சேர்வதற்குள் அந்த நேரம் போய்விடும், கூட நிற்கிறவர்தான் தேட வேண்டும். அதற்குப் புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டச் சைகை அனுப்பும் கருவி, பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி, மண்வெட்டி மூன்றும் ஒவ்வொருவரிடமும் வேண்டும், பழகியும் இருக்க வேண்டும். பத்தில் ஒன்பது தரம் அந்தச் சரிவை உடைப்பது அதில் அகப்பட்டவரோ கூடப் போனவரோதான். அதாவது பெரும்பாலும் தவிர்க்கக்கூடியது. வாலிஸில் அவசர இலக்கம் 144, மற்ற இடங்களில் ரேகா மீட்பு விமானச் சேவைக்கு 1414.

செலவு பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: ஒரு முதலாளியிடம் வாரம் 8 மணி நேரமாவது வேலை செய்கிறவருக்கு வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் காப்புறுதி உண்டு. பிள்ளைகளுக்கு நோய்க் காப்புறுதியில் விபத்து சேர்ந்திருக்கிறதா என்று பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்.

ஆசிரியர் அவர்களே, என் வேண்டுகோள் ஒன்றே. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை, வார இதழில் வானிலைப் பகுதிக்குப் பக்கத்தில், இந்த ஐந்து படிகளையும் தமிழில் நிரந்தரமாகப் போடுங்கள். அன்றன்றைய இலக்கத்தைப் பெற்றோர் டாவோஸ் நிலையத்தின் தளத்திலோ 'வைட் ரிஸ்க்' செயலியிலோ பார்த்துக்கொள்வார்கள். அந்த இலக்கத்துக்கு என்ன அர்த்தம் என்பதைத்தான் நீங்கள் தர வேண்டும். நான் என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் எழுதி ஒட்டியிருப்பது இது: 1 குறைவு, 2 மிதம், 3 கணிசம், 4 பெரிது, 5 மிகப் பெரிது. 'கணிசம்' என்ற சொல்லில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. கேட்கிறவருக்கு உறைக்க வேண்டும். இதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் உங்களிடமோ வாசகர்களிடமோ இருந்தால் எழுதுங்கள், நான் தாளை மாற்றி ஒட்டுகிறேன். பத்து நடத்தை விதிகளையும் மகளின் உதவியோடு தமிழாக்கி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள், என் பெயர் தேவையில்லை.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. முதல் நாள் மாலை 5 மணிக்கு மகள் அறிக்கையை வாசிப்பாள். எந்த உயரத்துக்கு மேல், எந்தத் திசைச் சரிவுகளில் ஆபத்து என்று தமிழில் எனக்கும் மனைவிக்கும் சொல்வாள். நாங்கள் கேள்வி கேட்போம். போன சனிக்கிழமை 3 என்று வாசித்துவிட்டு, "நாளைக்குக் கயித்துக்கு இங்கால மட்டும்தான் அப்பா" என்று தானே சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்,
ஹோட்டல் சமையற்காரர், செர்மாட், வாலிஸ் மாநிலம், சுவிற்சர்லாந்து